ஏழாம் பிரிவில் எழுதியிருக்கிறேன்

பிப்ரவரி 2

மச்சானுக்கு,

உன் அக்காவின் உத்தரவுப்படி எழுதுகிறேன். போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாம் இருவரும் குரலை உயர்த்தியதும், தண்ணீர்க் குவளை கவிழ்ந்ததும், அவள் தீர்ப்புச் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசவே கூடாது. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதுங்க. எழுதினாத்தான் ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாயைத் திறக்க முடியாது." நான் மேல்முறையீடு செய்து பார்த்தேன். தபால்தலை வாங்கி வந்து என் மேசையில் வைத்துவிட்டாள்.

சண்டையை நீ வேறு மாதிரி நினைவு வைத்திருப்பாய். என் நினைவில் இருப்பது இது. மென்பொருளை எப்படிச் செய்தால் உருப்படும் என்று பதினேழு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து ஆராய்கிறாய். லிப்டுகளை ஓட்டும் மென்பொருளைச் செய்யும் பிரிவுக்குத் தலைவனான எனக்கு அதில் ஒரு வரிகூடப் பயன்பட்டதில்லை என்றேன். அதற்கு நீ, வண்ணப் படம் போட்ட ஸ்லைடைக் காட்டினால் எங்களைப் போன்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிணற்றில்கூடக் குதிப்போம் என்றாய். கிணற்றுக்குப் பிறகுதான் குவளை கவிழ்ந்தது.

நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உன் ஆய்வு பயன்பட்டுவிட்டது.

எங்கள் நிறுவனம் வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அமர்த்தியிருக்கிறது. அவர் வந்த முதல் வாரத்திலேயே, இரண்டு வருடம் முன்பு "அத்தானுக்கு அன்புடன்" என்று எழுதி நீ கொடுத்த கட்டுரையை அலமாரியிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தேன். "என் மச்சான் எழுதினது" என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், அக்காவிடம் சொல்லாதே. நேற்று அவர் இயக்குநர்களுக்குக் காட்டிய பதினோராவது ஸ்லைடில் உன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. "தானியங்கிக் கருவி, மனிதச் சோதனையாளர்களைவிட 41 சதவீதம் அதிகப் பிழைகளைக் கண்டுபிடிக்கிறது." பக்கத்தில் ஓர் இயந்திரக் கை கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருந்தது.

ஆகவே அந்தக் கருவியை வாங்கப்போகிறோம். எங்கள் டெஸ்டிங் குழுவில் இருக்கும் ஒன்பது பேரையும் அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. இயக்குநர் கூட்டம் 28ஆம் தேதி. அதற்குள் பரிந்துரையில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதினேன். அக்கா நலம். கண்ணாடிக் கடைக்குப் புதிதாக ஒரு பரிசோதனை நாற்காலி வாங்கியிருக்கிறாள். முதல் ஆளாக என்னை உட்கார வைத்துப் பார்த்ததில், என் வலது கண் போன வருடத்தைவிட மோசமாம்.

அத்தான்


பிப்ரவரி 6

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை நின்றுகொண்டு படித்தேன்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். எங்கள் துறையில் இருபத்து மூன்று பேர் இருக்கிறோம். எங்கள் ஆய்வைத் தொழில்துறையில் எவரேனும் பயன்படுத்தினார் என்று நிரூபிக்கக்கூடியவர் அதில் ஒருவர்தான். அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். பதவி உயர்வு விண்ணப்பத்தில் "தொழில்துறையில் ஏற்பட்ட தாக்கம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் இரண்டு முறை அதில் கோடு போட்டு அனுப்பி, இரண்டு முறையும் விண்ணப்பம் திரும்பி வந்தது. இந்த முறை கடைசி நாள் ஏப்ரல் 10.

ஆகவே உங்கள் நிறுவனத்தின் தாளில், என் ஆய்வின் அடிப்படையில் முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது என்று ஒரு சான்றிதழ் தர முடியுமா? வட்ட முத்திரை இருந்தால் நல்லது. எங்கள் பதவி உயர்வுக் குழுவினர் நீள்சதுர முத்திரையை அவ்வளவாக நம்புவதில்லை.

ஒரு சிறு திருத்தம்: 41 அல்ல, 41.3. ஆனால் பரவாயில்லை.

அக்காவுக்கு என் அன்பு. கிணறு என்று சொன்னதற்கு வருந்துகிறேன்.

மச்சான்


பிப்ரவரி 10

மச்சானுக்கு,

சான்றிதழைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டேன். முத்திரை வட்டம்தான். ஆனால் நடுவில் ஒரு சிக்கல்.

எங்கள் டெஸ்டிங் குழுவின் தலைவியை அலுவலகத்தில் எல்லோரும் மாடிப்படியம்மா என்பார்கள். லிப்டுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தும் ஒரு நாள்கூட லிப்டில் ஏறாதவர். ஆறாவது மாடிக்கும் படிதான். வாடிக்கையாளர் வரும் நாட்களில் மட்டும், முன்பக்கப் படியை விட்டுப் பின்பக்கப் படியில் ஏறும்படி பணிவாகக் கேட்டுக்கொள்வோம்.

நேற்று மூச்சு வாங்க என் அறைக்கு வந்தார். கையில் உன் கட்டுரை, முப்பத்தொரு பக்கமும்.

"சார், ஒரு சந்தேகம். அந்த இருபத்தாறு பேர் யாரு?"

"எந்த இருபத்தாறு பேர்?"

"ஏழாம் பிரிவு சார், இருபத்தெட்டாம் பக்கம். மனிதச் சோதனையாளர்கள்னு சொல்றது, காலேஜ்ல ரெண்டாம் வருஷம் படிக்கிற பசங்க இருபத்தாறு பேரை. அவங்க டெஸ்ட் பண்ணினது, லைப்ரரியில புத்தகம் குடுத்து வாங்குற ஒரு சின்ன புரோகிராம். மொத்தம் தொண்ணூறு நிமிஷம். முடிச்சதும் பிஸ்கட் குடுத்திருக்காங்க."

"பிஸ்கட்டைக்கூடவா எழுதியிருக்கான்?"

"அடிக்குறிப்புல இருக்கு சார்."

இதையெல்லாம் படிக்க எங்கிருந்து நேரம் வந்தது என்று கேட்டேன். "கடைசி வரைக்கும் படிக்கிறதுக்குத்தானே சார் எங்களை வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு, "இன்னும் பத்தொன்பது நாளைக்கு" என்று சேர்த்துக்கொண்டார். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. பிழையைப் பதிவு செய்யும்போதும் அதே குரல்தான்.

அவர் சொல்வது உண்மையா? இந்த ஆய்வை வைத்து ஒன்பது பேரை அனுப்பலாமா, கூடாதா? ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் எழுது.

அத்தான்


பிப்ரவரி 13

அன்புள்ள அத்தானுக்கு,

ஆம் அல்லது இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி சற்று மிகையாக எளிமைப்படுத்தப்பட்டிருக்கிறது.

முதலில், அனுப்பலாமா என்பது என் ஆய்வுக் கேள்வி அல்ல. குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட கால வரம்புக்குள், இருவகைச் சோதனை முறைகள் வெளிக்கொணரும் பிழைகளின் எண்ணிக்கை எப்படி வேறுபடுகிறது என்பதே என் கேள்வி. அதற்கு விடை 41.3. அந்த விடையில் எந்தத் தவறும் இல்லை. அது வேறு சூழலுக்குப் பொருந்துமா என்றால், சில கூறுகளில் பொருந்தலாம், சிலவற்றில் பொருந்தாமல் போகலாம். மேலும் ஆய்வு தேவை. பிழைகளின் எண்ணிக்கை ஒன்று, அவற்றின் கடுமை வேறொன்று. நான் கடுமையை அளக்கவில்லை. ஆனால் அளக்கவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

நான் எதையும் மறைத்தவன் அல்ல. ஏழாம் பிரிவில் எழுதியிருக்கிறேன். மாணவர்கள் என்பதையும் எழுதியிருக்கிறேன், நூலக நிரல் என்பதையும் எழுதியிருக்கிறேன், பிஸ்கட்டையும் எழுதியிருக்கிறேன். கட்டுரையின் முன்னால் வரும் சுருக்கத்துக்கு இருநூறு சொற்கள்தான் இடம். அதில் குறைகளையும் எழுதினால் இதழ் ஆசிரியர்கள் அதற்குமேல் படிக்க மாட்டார்கள். படிக்க வேண்டியவர்கள் படிக்காமல் விட்டதற்கு எழுதியவன் என்ன செய்வான்?

ஏன் மாணவர்கள் என்று உங்கள் மாடிப்படியம்மா கேட்டால் இதைச் சொல்லுங்கள். நிஜமான சோதனையாளர்களை வைத்துச் செய்ய ஆசைப்பட்டு ஐந்து வருடம் முன்பு எட்டு நிறுவனங்களுக்கு எழுதினேன். ஏழு நிறுவனங்கள் பதில் போடவில்லை. எட்டாவது நிறுவனம் உங்களுடையது. "உள்ளே நடக்கிறதெல்லாம் ரகசியம் மச்சான், தப்பா நினைச்சுக்காதே" என்றீர்கள். நான் தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை. இருபத்தாறு மாணவர்களைப் பிடித்தேன்.

(இந்தக் கடிதத்தின் மீதி இரண்டு பக்கங்களில் தொடர்புள்ள பதினான்கு ஆய்வுகளைச் சுருக்கியிருக்கிறேன். அவற்றில் ஆறு ஒரு பக்கம், ஐந்து மறுபக்கம், மூன்று எந்தப் பக்கமும் இல்லை.)

சான்றிதழில் தேதி மார்ச் மாதமாக இருந்தால் வசதி.

மச்சான்


பிப்ரவரி 15

மச்சானுக்கு,

மூன்று பக்கம் வந்தது. ஆம் என்பதும் இருக்கிறது, இல்லை என்பதும் இருக்கிறது, இரண்டுக்கும் ஆதாரமும் இருக்கிறது. நன்றி.

என் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பதினொரு கூட்டம். ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான்கு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் நடை. மிச்சமுள்ள இரண்டு நிமிடத்தில்தான் இந்த நிறுவனத்தின் முடிவுகள் எல்லாம் எடுக்கப்படுகின்றன. ஆலோசகருக்கு இது தெரியும். அவர் ஸ்லைடை இரண்டு நிமிடத்துக்குச் செய்கிறார். நீ ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து படிப்பவனுக்காகச் செய்கிறாய். அவர் சொல்வது தப்பு, ஆனால் கையில் இருக்கிறது. நீ சொல்வது சரி, ஆனால் இருபத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது.

ஐந்து வருடம் முன்பு உன்னை உள்ளே விடாதது என் தப்பு. அப்படி என்ன ரகசியம் என்று இப்போது யோசித்துப் பார்த்தேன். எங்களிடம் இருந்த ஒரே ரகசியம், எங்களுக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான்.

இதற்குள் செய்தி கசிந்துவிட்டது. ஒன்பது பேரில் இரண்டு பேர் வேறு வேலை தேடிக்கொண்டு ராஜினாமா கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருவனை மேசை என்று கூப்பிடுவோம். போன வருடம் மேசை மாற்றச் சொன்னபோது, அவன் தன் மேசையை லிப்டில் ஏற்றப் பார்த்தான். கதவு மூடவர, மேசைக்கால் தடுக்க, கதவு திறந்தது. மூன்று முறை இப்படி. நான்காவது முறை கதவு விடாமல் மூடி மேசைக்காலை ஒடித்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் அங்கேயே உட்கார்ந்து, மேசைக்குப் பதில் ஆள் நின்றிருந்தால் என்று யோசித்தான். மூன்று முறை தடுக்கப்பட்டால் சென்சாரில் தூசி என்று வைத்துக்கொண்டு மூடிவிட வேண்டும் என்று எவனோ விவரக்குறிப்பில் எழுதியிருக்கிறான். மென்பொருள் எழுதியபடியே நடந்திருக்கிறது. அந்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டவன் நான். படித்துவிட்டுப் போட்டேனா என்று கேட்காதே.

அவன் போகிறான். உன் ஸ்லைடைப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். அது உன் ஸ்லைடு இல்லை என்று நீ சொல்வாய். ஏழாம் பிரிவில் எழுதியிருப்பாய்.

அத்தான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "தபால் வேண்டாம், நானே கொண்டுபோறேன்" என்றாள். கடைக்கு இரண்டு நாள் விடுமுறைப் பலகை மாட்டியிருக்கிறாள்.


பிப்ரவரி 18

அத்தானுக்கு,

அக்கா வந்துவிட்டுப் போனாள். பல்கலைக்கழகத்தில் என் அறைக்கே வந்து, உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்து, நான் முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க அத்தான் எந்த ரெண்டுக்கு நடுவுல நிக்கிறாருன்னு கேட்டியா?"

"அவர் கேட்ட கேள்வியே தப்புக்கா."

"என் கடைக்கு வர்ற எல்லாருமே தப்பாத்தான்டா கேக்குறாங்க. 'கண்ணு என்னமோ மாதிரி இருக்கு'ம்பாங்க. அதுக்கு நான் வெளிச்சம் எப்படி வளையுதுன்னு பாடம் எடுத்தா எந்திரிச்சுப் போயிருவாங்க. ரெண்டு கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு, இதுவா அதுவான்னு கேப்பேன். அதுவும் என் கடையில இருக்கிற கண்ணாடியை மட்டும்தான் போட்டுக் காட்டுவேன்."

"ரெண்டும் சரியில்லைன்னா?"

"சரியில்லைன்னு சொல்லி அனுப்புவேன். ஏழாவது பக்கத்துல எழுதி அனுப்ப மாட்டேன்."

இருபத்தெட்டாம் பக்கம் என்று திருத்த வாயைத் திறந்தேன். நல்ல வேளையாக மூடிக்கொண்டேன்.

இதுவரை இருபத்தைந்து கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட, இதைப் படித்துவிட்டு யார், எந்த நாளில், எதற்கும் எதற்கும் நடுவில் முடிவெடுப்பார் என்று யோசித்ததில்லை. மற்ற ஆய்வாளர்கள் படிப்பார்கள் என்று எழுதினேன். அவர்களும் படிப்பதில்லை என்பது வேறு கதை.

20ஆம் தேதி வருகிறேன். மூன்று நாள் இருப்பேன். போன வருடத்துப் பிழைப் பதிவேடு வேண்டும். மாடிப்படியம்மாவின் பக்கத்தில் ஒரு நாற்காலி வேண்டும். ரகசியம் என்று இந்த முறை சொல்லாதீர்கள்.

மச்சான்


பிப்ரவரி 23

மச்சானுக்கு,

நீ ரயில் ஏறிய பிறகும் அலுவலகத்தில் உன்னைப் பற்றித்தான் பேச்சு. மூன்று நாளும் நீ ஆறு மாடியும் படியிலேயே ஏறினாயாமே? மரியாதைக்காக முதல் நாள் ஏறினால் போதும். இரண்டாம் நாள் நீ நான்காவது மாடியில் உட்கார்ந்துவிட்டதாகவும், அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததாகவும் காவலாளி சொன்னார்.

பதிவேட்டின் ஐம்பத்தேழு பிழையையும் ஒவ்வொன்றாக எடுத்து, கருவி இதைக் கண்டுபிடித்திருக்குமா என்று நீங்கள் இருவரும் போட்ட சண்டை என் அறை வரை கேட்டது. வீட்டில் என்றால் அக்கா அதற்கும் தபால்தலை வாங்கி வைத்திருப்பாள்.

இனி வேண்டியது ஒரே ஒரு பக்கம். எங்கள் நிறுவனத் தலைவர் எழுபது வயதுக்காரர். எதையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். கூட்டத்துக்கு முன் ஜன்னலோரம் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு அருகே பிடித்துப் படிப்பார். இரண்டாவது பக்கம் இருந்தால் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிடுவார். பிறகு அந்தத் தாளை யாரும் பார்த்ததில்லை. எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் அவர் கைக்குப் போனால், உன் ஆய்வை இங்கே பயன்படுத்தவில்லை என்று ஆகிவிடும். வட்ட முத்திரை வைத்த சான்றிதழ் என் இழுப்பறையில் தயாராக இருக்கிறது. கொடுங்கள் என்று நீ சொன்னால் இப்போதே அனுப்பிவிடுவேன்; யாருக்கும் தெரியாது. பக்கத்தை எழுதினால் என்னால் கொடுக்க முடியாது. மூன்றாவது முறையும் கோடு போட்டு அனுப்ப வேண்டிவரும். யோசித்துக்கொள்.

அத்தான்


பிப்ரவரி 25

அத்தானுக்கு,

இத்துடன் ஒரு பக்கம். பதினாறு முறை எழுதினேன். முதல் முறை பதினாறு பக்கம் இருந்தது.

இழுப்பறையில் இருப்பதைக் கிழித்துவிடுங்கள்.

மச்சான்

*

முடிவு செய்ய வேண்டியது: சோதனைக் கருவியை வாங்கிச் சோதனையாளர்கள் எல்லோரையும் இம்மாதமே அனுப்புவதா, அல்லது கருவியையும் வாங்கி ஆட்களையும் வைத்துக்கொள்வதா.

என் ஆய்வு இதற்கு உதவாது. அதை எழுதியவன் சொல்கிறேன். அது பிஸ்கட்டுக்காக வந்த இருபத்தாறு மாணவர்களைப் பற்றியது. உங்கள் லிப்டையோ உங்கள் ஆட்களையோ பற்றியது அல்ல.

உங்கள் பதிவேட்டில் போன வருடம் ஐம்பத்தேழு பிழைகள். முப்பத்தெட்டைக் கருவி கண்டுபிடித்திருக்கும், அதுவும் உங்கள் ஆட்களைவிட விரைவாக. கருவி வாங்கத் தகுந்ததுதான். மீதி பத்தொன்பதைக் கண்டுபிடித்திருக்காது. விவரக்குறிப்பில் எழுதியபடி நடக்கிறதா என்றுதான் கருவி பார்க்கும். எழுதியதே தவறாக இருந்தால், தவறு சரியாக நடக்கிறது என்று பச்சை விளக்கைக் காட்டும். அந்தப் பத்தொன்பதில் நான்கு, கதவில் ஆள் நிற்கும்போது நடப்பவை.

இதை எவ்வளவு நம்பலாம்: ஓரளவு. ஒரு நிறுவனம், ஒரு வருடம், பிரித்துப் பார்த்தவர்கள் இருவர். அதில் ஒருவருக்கு இந்த முடிவால் வேலை போகலாம். ஆறு பிழைகளில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. அந்த ஆறையும் கருவியின் கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன்.

தவறாகப் போனால்: கருவியை அடுத்த வருடமும் வாங்கலாம். ஆட்களை அனுப்பிவிட்டால் திரும்பி வர மாட்டார்கள். இருவர் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்: இரண்டையும் நவம்பர் வரை ஒன்றாக ஓட்டி, யார் எதைப் பிடித்தார்கள் என்று அதே பதிவேட்டில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பேன்.


மார்ச் 2

மச்சானுக்கு,

கூட்டம் முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு முழுவதும் பிடிக்காது.

தலைவர் ஜன்னலோரம் நின்று படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்ததில் அவருக்கு ஏற்பட்ட நிம்மதி கண்கூடாகத் தெரிந்தது. பிறகு ஆலோசகரைக் கூப்பிட்டார்.

"இதை எழுதினவரும் உங்க ஸ்லைடுல இருக்கிறவரும் ஒருத்தர்தானா?"

"ஆமாம் சார்."

"அப்ப அவரே வேண்டாம்கிறாரே?"

ஆலோசகர் தடுமாறவில்லை. அதற்குத்தான் அவருக்குப் பயிற்சி. "ஆய்வாளர்கள் பொதுவா ரொம்ப எச்சரிக்கையா பேசுவாங்க சார்" என்றார்.

"அந்த எச்சரிக்கையை ஏன் ஸ்லைடுல போடலை?"

"படம் வெச்சதுல இடம் இல்லை சார்."

அந்த இயந்திரக் கையைத் தலைவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மாடிப்படியம்மாவை அழைத்துவரச் சொன்னார். படியில் வந்துசேர ஆன நேரம் முழுவதும் இயக்குநர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பதினாலு வருஷமா நீங்க நம்ம லிப்ட்ல ஏறினதில்லையாமே? ஏன்?"

நான் மேசைக்கடியில் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"சர்க்கரை சார். படி ஏறினா நல்லதுன்னு டாக்டர் சொன்னார்."

அவ்வளவுதான் மச்சான். இத்தனை வருடமாக நாங்கள் அனைவரும் அதற்கு எத்தனை அர்த்தம் கற்பித்தோம்! உன் தாளில் உள்ள எண்களை எல்லாம் நம்பிய தலைவர், இதை மட்டும் நம்பவில்லை. "பாவம், பயந்துட்டு மறைக்கிறாங்க" என்று என் காதில் சொல்லிவிட்டு, நீ சொன்னபடியே நவம்பர் வரை இரண்டும் ஓடட்டும் என்று எழுதச் சொன்னார். எதனால் முடிவெடுத்தார் என்று கேட்டால், ஐம்பத்தேழும் இருக்கலாம், சர்க்கரையும் இருக்கலாம். நீ இருந்திருந்தால் மேலும் ஆய்வு தேவை என்றிருப்பாய்.

தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பைக்குள் ஒரு தாள் போய் நான் பார்த்ததில்லை. நேற்று இன்னொரு உத்தரவு: இனி எந்த ஸ்லைடில் எந்த ஆய்வைக் காட்டினாலும், எத்தனை பேர், யார், எதைச் செய்தார்கள் என்று அதே ஸ்லைடில் இருக்க வேண்டும். ஆலோசகர் உடனே திருத்திக் கொடுத்துவிட்டார். எறும்பு படிக்கக்கூடிய அளவில் இருக்கிறது.

கதவு விவரக்குறிப்பை நான் திருத்திவிட்டேன். இந்த முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பதினெட்டு நிமிடம் ஆயிற்று. இரண்டு கூட்டத்துக்குத் தாமதம்.

மேசையைப் போனில் கூப்பிட்டேன். சேர்ந்த இடத்தில் நாற்காலிகூடப் புதிது சார் என்றான். திரும்பி வரமாட்டான்.

அத்தான்


ஏப்ரல் 1

மச்சானுக்கு,

நேற்று அக்காதான் ஞாபகப்படுத்தினாள். உன் விண்ணப்பத்துக்கு இன்னும் ஒன்பது நாள். பழைய சான்றிதழைக் கிழித்தது கிழித்ததுதான். புதிதாக ஒன்று எழுதித் தலைவரிடம் கொண்டுபோனேன். நின்றுகொண்டே படித்து, நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். வட்ட முத்திரைதான். இத்துடன் இருக்கிறது.

"சான்றளிப்பது யாதெனில்: இவரது ஆய்வின் அடிப்படையில் எமது நிறுவனம் எடுக்கவிருந்த ஒரு முக்கியமான முடிவை, இவரே நேரில் வந்து, அந்த ஆய்வு அதற்குப் பொருந்தாது என்று எடுத்துக்காட்டித் தடுத்தார். இவரது ஆய்வைப் பயன்படுத்தாமல் விட்டதால் எமது நிறுவனம் பெரும் நன்மை அடைந்தது. ஒன்பது ஊழியர்களின் வேலை காப்பாற்றப்பட்டது. தொழில்துறையில் இவர் ஏற்படுத்திய தாக்கத்துக்கு இதுவே சான்று."

உங்கள் குழுவினர் இதை எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்று தெரியாது. ஆனால் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அக்கா போன் தடையை நீக்கிவிட்டாள். ஆனாலும் எழுதிப் பழகிவிட்டது.

அத்தான்


ஏப்ரல் 4

அத்தானுக்கு,

சான்றிதழ் கிடைத்தது. அலுவலகக் குமாஸ்தாவிடம் காட்டினேன். விண்ணப்பத்தில் "ஆய்வைப் பயன்படுத்திய நிறுவனங்களின் எண்ணிக்கை" என்று கட்டம் இருக்கிறது. ஒன்று என்று போடுவதா, பூஜ்யம் என்று போடுவதா என்று குழம்பினார். கழித்தல் ஒன்று என்று போட்டுப் பார்த்தோம். கணினி ஏற்றுக்கொண்டது. அந்த மென்பொருளை யாரும் சோதிக்கவில்லை போலும்.

ஆனாலும் இதை இப்படியே கொடுக்க மாட்டேன். திருப்பி அனுப்புகிறேன். ஒன்பது பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு பேர். இரண்டு பேர் போனார்கள். அவர்கள் போனது ஆலோசகரால் மட்டும் அல்ல. நான் இருபத்தெட்டாம் பக்கத்தில் எழுதியதாலும்தான். அதையும் சேர்த்து எழுதி, மறுபடி கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். 10ஆம் தேதிக்குள் வராவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் வரியிலேயே எழுதுங்கள்.

மச்சான்